மங்கையின் படிப்பு நேரம்

இணையத்தில் ஒரு மணி நேரம் போக்கர் சீட்டு ஆட வேண்டுமானால், ஒரு மணி நேரம் ஆட்டத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். நெற்றியில் கட்டிய பட்டை கவனத்தை அளந்து பதிவு செய்யும். வீட்டில் யார் படித்தாலும் செல்லும்.

தயாபரனுக்குப் படிக்க உட்கார்ந்தாலே கொட்டாவி வந்துவிடும். ஆடி ஆடித்தான் கை தேறும் என்பது அவன் கட்சி. அதனால் பட்டையை மனைவி மங்கையின் நெற்றியில் கட்டினான். அவள் அப்போது செவிலியர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"தினம் ரெண்டு மணி நேரம் போதும் மங்கை. இந்தப் போட்டி முடியற வரைக்கும்தான்."

இரண்டு மணி நேரம் நான்கானது. ஒரு போட்டி முடிந்ததும் அடுத்தது வந்தது. அவனும் மளமளவென்று முன்னேறினான்.

தேர்வு முடிவு வந்தது. மங்கை தேறவில்லை.

"நல்லாத்தானே படிச்சே?" என்றான் தயாபரன்.

அவள் பூண்டு உரித்தபடியே சொன்னாள். "குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுக்கணும்னு கேட்டிருந்தாங்க. எனக்கு எந்தச் சீட்டு வந்தா ஒதுங்கிக்கணும்கறதுதான் ஞாபகம் வந்துச்சு."

குரலில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருந்தது. மேசையிலிருந்த பட்டையை எடுத்துத் தன் நெற்றியில் கட்டிக்கொள்ளப் போனான்.

"உங்களுக்கு அது வராதுங்க. இப்படிக் குடுங்க," என்று அவள் கையை நீட்டினாள். "அடுத்த பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு இப்ப நேரத்துக்கு என்ன குறை?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். சாயங்காலப் போட்டி தொடங்க ஒன்றரை மணி நேரமே இருந்தது.

குனிந்த தலை நிமிராமல், பட்டையை அவளிடம் கொடுத்தான்.