கறுத்த இறால்கள்

"உண்மையைச் சொல்லு பீரு. பொடியில என்னத்தைக் கலந்த?"

காளவாசல் தீவனக் கடையில் நாலு பேர் நிற்கும்போதே சிவபாண்டி இப்படிக் கேட்டுவிட்டார். கேட்டதோடு விடவில்லை. பையிலிருந்த செத்த இறால்களை மேசைமேல் கொட்டினார். ஓட்டுக்கடியில் திட்டுத்திட்டாகக் கறுத்துக் கிடந்தன.

கடைக்காரர் பீர் முகமது உள்ளே போனார். வைட்டமின் பொடி டப்பாவை எடுத்து வந்தபோது அவர் கை நடுங்கியது. குற்றமுள்ள நெஞ்சு என்று சிவபாண்டி அப்போதே முடிவுகட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்று பொருமினார்.

பேரையூருக்குப் பக்கத்தில் இருந்த சொந்தப் புஞ்சைக் காட்டில் குட்டை வெட்டி இறால் விட்டிருந்தார் சிவபாண்டி. கையிருப்பு எல்லாம் அந்தக் குட்டைக்குள்தான் கிடந்தது. வைட்டமின் சி குறைந்துபோனால் இறால் இப்படித்தான் கறுத்துச் சாகும் என்று இறால் டாக்டர் சொன்னதும், நேரே நண்பனிடம் வந்து பொடி வாங்கினார். பொடி போட்டும் சாவு நிற்கவில்லை. பாதி இறால் போய்விட்டது.

"தீவனத்துல கலந்து நிழல்லதான மாப்ள காய வைக்குற? வெயில் பட்டா அதுல இருக்க சத்து அம்புட்டும் போயிரும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா? காலையில கொட்டகைக்குள்ள பரப்பிட்டுத்தான் டிராக்டர் ஓட்டப் போறேன். சாயந்திரம் வந்து பாத்தா வத்தல் மாதிரி மொறுமொறுன்னு காஞ்சிருக்கு."

பீர் முகமது இதே டப்பாவிலிருந்து பொடி வாங்கிப்போன எழுமலை ஊர்க்காரர் மலையாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மலையாண்டியின் குட்டையில் இறால் துள்ளுகிறதாம். இன்னும் ரெண்டு பாக்கெட் எடுத்துவைக்கச் சொன்னார்.

நண்பனின் கை நடுங்கியது அவமானத்தில் என்று சிவபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்காமலே இறால்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"இனிமே இங்க வராத, சிவபாண்டி" என்றார் பீர் முகமது. மாப்ள என்று கூப்பிடவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தும் பிடி கிடைக்கவில்லை. தண்ணீரும் சரியாக இருக்கிறது, பொடியும் சரியாக இருக்கிறது. பிறகு எதனால் சாகிறது?

குட்டையை ஒட்டித்தான் வீடு. சாப்பிடக் கூப்பிட்ட மனைவி பாண்டிமீனாமேல் அம்புட்டுக் கோபமும் திரும்பியது. இறால் விஷயம் இவளுக்கு என்ன தெரியும் என்று அவளிடம் எதையும் அவர் சொல்லிவைப்பதில்லை.

"அங்கிட்டு நட்பும் போச்சு, இங்கிட்டு பொழப்பும் போகப்போகுது. நான் ஒத்த ஆளாக் கெடந்து மாரடிக்குறேன். இந்தக் குட்டைக்குன்னு நீ ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பியா?"

பாண்டிமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கொட்டகைக்குள்ள ஈரமாக் கெடக்குற தீவனத்தைத் தெனமும் வெயிலுக்கு இழுத்துக் காயவச்சு, நீங்க வாரதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து வைக்குறது யாருன்னு நெனச்சீங்க?"