பறக்கவே இல்லையாம்!

கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சுருளிவேல், பெரிய மனசு பண்ணித் தன் ஆட்கள் பத்துப் பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் படம் பார்த்துவிட்டுத் திரும்பினால், குடோனில் ஒரு மூட்டையைக் காணோம்.

பூட்டு உடையவில்லை. சாவி தொங்கும் இடம் கடை ஆட்களுக்குத்தான் தெரியும். அதிலும் ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிறவன் மலைச்சாமி ஒருவன்தான். ஆகவே ஏட்டு இருதயம் கடைக்கு வந்ததும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்.

மலைச்சாமி பயந்துகொண்டே வந்து நின்றான். திருட்டுப் பட்டம் கட்டிவிட்டால் கூடலூர் முதல் தேனி வரைக்கும் ஒரு கடையிலும் மூட்டையைத் தொட விடமாட்டார்கள். வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

"படத்துக்குப் போனியாடா?"

"போனேங்க ஏட்டய்யா."

"எப்படி இருந்துச்சு?"

அவ்வளவுதான். மலைச்சாமிக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"அதெல்லாம் ஒரு படமாங்கய்யா? போஸ்டர்ல ஒத்தக் கையில லாரியத் தூக்குறான். நம்மளும் நாளெல்லாம் தூக்குற ஆளுதான, எப்படித்தான் தூக்குறான்னு பாப்போம்னு ஆசையாப் போய் உக்காந்தேன். ஆரம்பத்துல நல்லாத்தான் பறந்தான். ரயிலக் கையக் காட்டி நிறுத்துறான். மலையப் பேத்து அங்கன வைக்கிறான். கடசியில பாத்தா, எல்லாம் அவனா நெனச்சுக்கிட்டதாம்! ஆளு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கான். டாக்டரம்மா மாத்திரை குடுத்ததும் பொசுக்குன்னு தெளிஞ்சுருச்சாம். ஒரு தம்ளரத் தூக்க நர்ஸு கை புடிக்க வேண்டியிருக்கு. இதப் பாக்கவாய்யா போனேன்? படம் எடுத்தவன் மட்டும் இங்கன வந்தான்னா, ரெண்டு மூட்டைய அவன் தலையில ஏத்தி வீரபாண்டி வரைக்கும் நடக்க விடுவேன்!"

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"டிக்கெட் எடுத்தவன் நானு. நீ ஏன்யா அழுகுற?" என்றார் சுருளிவேல்.

"ஏமாந்தவன் நானுல்ல மொதலாளி?"

ஏட்டு சிரித்துவிட்டார். "சரி, நீ போப்பா."

மலைச்சாமி கும்பிட்டுவிட்டு வெளியேறியதும் சுருளிவேல் மெல்லக் கேட்டார். "என்னங்க, ஒண்ணுமே விசாரிக்காம விட்டுட்டீக?"

"விசாரிச்சாச்சுண்ணே. நாலு மணிக்கு நீங்க குடோனப் பூட்டுறப்ப மூட்ட இருந்துச்சுல்ல? படத்துக்கு இடைவேளை விடுறதும் அப்பத்தான். அப்ப களவாணிப்பய இடைவேளையோட எந்திரிச்சு வந்தவன். அவனக் கேட்டா படம் பிரமாதம்னுதான் சொல்லுவான். அதுவரைக்கும் ஹீரோ பறந்துக்கிட்டுத்தான இருந்தான்? நானும் பாத்து ஏமாந்தவன்தான். இம்புட்டு வயிறு எரியணும்னா கடசி வரைக்கும் பாத்திருக்கணும். அடுத்த ஆள வரச் சொல்லுங்க. எவன் படம் நல்லாருக்குங்குறானோ, அவனப் புடிப்போம்."

தெரு முனை திரும்பும் வரை மலைச்சாமி படத்தைத் திட்டிக்கொண்டே போனான்.

சனிக்கிழமையே சொந்தக் காசில் அதைக் கடைசிவரை பார்த்து ஏமாந்திருந்ததால்தான், ஞாயிற்றுக்கிழமை ஓசி டிக்கெட்டில் போனவனுக்கு இடைவேளையோடு எழுந்து வர மனசு வந்தது.