ஒதிலியாவின் மாத்திரை

கலிஃபோர்னியாவின் அந்தத் திராட்சைத் தோட்டத்து ஊருக்கு மனநல டாக்டர் பர்ரகான் மாதம் ஒருமுறை வருவார். ஸ்பானிஷ் பேசும் மனநல டாக்டர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். இருபது வருடமாக வருகிறார்.

ஒதிலியா இன்று ஐந்தாவது முறையாக வந்து உட்கார்ந்தாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதுன்னீங்களே அக்கா, இப்ப எப்படி?"

"இனிமே தோணாது டாக்டரம்மா."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! பைத்தியம்னு ஊரு சொல்லுமேன்னு காரை சர்ச்சுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டு வருவீங்க!"

"இன்னிக்கு வாசல்லயே நிறுத்திட்டேன்."

ஒதிலியா மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி மிச்சமிருந்தது.

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

"நான் எங்க சாப்பிட்டேன்? எல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு. 'ஆம்பள போற இடமாடி அது'ன்னு வரமாட்டேன்னுட்டாரு. அவருக்கு இருந்ததையெல்லாம் எனக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனேன்."

டாக்டர் பதறினார். "உடனே கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்!"

"அவரே உயிர முடிச்சுக்கிட்டாரு. செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணினோம்."

கதவைத் திறந்தவள் திரும்பினாள். "இவங்ககிட்டயாவது கேளுங்கம்மா, மருந்து யாருக்குன்னு."

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். இந்த இருபது வருடமும் இருந்ததுபோலவே, எல்லோரும் பெண்கள்.