மீன் அச்சு ரொட்டி

கொள்ளைநோய் சிசிலித் துறைமுகத்தில் இறங்கிய வருடம், பெர்னாவின் தங்கை தெசியாதாவைக் நோய் கண்டதென்று குடும்பத்தோடு வீட்டுக்குள்ளேயே விட்டு, ஊரார் வாசலைக் கல்லால் அடைத்தார்கள். பெர்னா காலில் விழுந்தும் யாரும் கேட்கவில்லை.

தெருவுக்கே ரொட்டி சுடுபவள் பெர்னா. அவரவர் வீட்டில் பிசைந்து அனுப்பும் மாவில், அடையாளத்துக்கு அவரவர் அச்சு இருக்கும். இரண்டு மாதம் கழித்து, தங்கை வீட்டு மீன் அச்சோடு ஒரு ரொட்டி அடுப்பிலிருந்து வந்தது.

"யாருடா இதை வச்சது?"

"நான் வைக்கலக்கா," என்றான் விறகு தள்ளும் மாசியோ. "அங்க மாவு பிசைய யாரு இருக்கா?"

மறுநாளும் வந்தது. பெர்னா கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தாள்.

எல்லோரும் செத்துக் காய்ந்திருந்தார்கள். தெசியாதாவின் விரல்களில் மட்டும் ஈரமாவு ஒட்டியிருந்தது.

பெர்னா அந்தக் கையைக் கழுவிவிட்டாள். அந்த வீட்டு மாவுத் தொட்டியில் பொங்கியிருந்ததைத் தன் அடுப்பில் சுட்டு, யாருக்கும் கொடுக்காமல் தானே தின்றாள்.