ஒரு குடும்பத்துக்கு ஒரு நாற்காலி

அரங்கமே அழுதுகொண்டிருந்தது.

அவளுக்கு மட்டும் வரவில்லை.

கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். ம்ஹூம். ஒரு சொட்டுகூட இல்லை.

பொறியியல் படிக்க வந்தால் கணக்கு கேட்பார்கள், இயற்பியல் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அழச் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? புது மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்தும் அறிமுக முகாமாம். மூன்று நாளாக ஒரே கூச்சல். "நாம யாரு?" என்று ஒருவர் கத்துவார். "ஒரே குடும்பம்!" என்று இவர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கடைசி நாள் நிஜக் குடும்பத்தை வரவழைத்துப் பெற்றோருக்குப் பாதபூஜை.

அதை நடத்தவென்றே சென்னையிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்திருந்தார். பெயர் இன்பசேகர். கையில் மைக், குரலில் கண்ணீர். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை அழவைப்பதுதான் மனிதருக்குப் பிழைப்பு.

"கண்ணை மூடிக்குங்க. உங்களைத் தோள்ல தூக்கிச் சுமந்த அப்பாவை நினைச்சுப் பாருங்க..."

பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல்.

அவள் நினைத்துப் பார்த்தாள். அதனால்தான் அழுகை வரவில்லை.

ஒரு குடும்பத்துக்கு ஒரு நாற்காலி. என்ன நினைத்துப் போட்டார்களோ, வரிசை முழுக்க அப்பாக்களே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாக்கள் பின்னால் நின்றார்கள். அவளுடைய அம்மாவும் கையில் பையோடு நின்றாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. மகளைக் கலந்தாய்வுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிய அன்று, அப்பா விட்ட அறையில் போனது.

அப்பாவுக்கு அவளைத் தன் அக்கா மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டாராம். யாரைக் கேட்டுக் கொடுத்தாராம்? அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். சீட் கிடைத்தது. காது போனது.

சீட் கிடைத்த சேதி பரவியதும், "பொம்பளப் புள்ளைய இன்ஜினியருக்குப் படிக்க வைக்கிறாரே!" என்று ஊரில் நாலு பேர் அப்பாவைப் பாராட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ளத்தான் இன்று வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வெட்கங்கெட்ட மனுஷன்.

ஆனாலும் காலையில் வந்து இறங்கியதும் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"என் காதுக்கு ஒரு புகார் வந்துச்சுன்னு வையி, அப்பவே இழுத்துட்டுப் போயிருவேன். உங்கத்தை இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கா."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பூஜை முடிய வேண்டும். அவர் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். அவள் இங்கே ஹாஸ்டலில் தங்கிவிட வேண்டும். அதற்காகக் காலைக் கழுவுவது என்ன, கழுவிய தண்ணீரைக் குடிக்கச் சொன்னால்கூடக் குடித்துவிடலாம்.

தாம்பாளத்தில் அவர் கால்கள். செம்பிலிருந்து நீர் ஊற்றினாள். மஞ்சள் தடவினாள். விரலிடுக்கைக்கூட விடவில்லை.

"மெதுவா. வேட்டியில மஞ்சள் படுது பாரு."

சரி என்று தலையாட்டினாள். குங்குமம் வைத்தாள். கும்பிட்டாள்.

பக்கத்தில் ஒருத்தன் தன் அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கதறினான். இன்பசேகருக்கு அது போதவில்லை. அழாத ஒரு முகம் அவர் கண்ணை உறுத்திவிட்டது. மைக்கோடு நேரே அவளிடம் வந்தார்.

"ஏம்மா, கல்நெஞ்சா உனக்கு? அப்பாவை எவ்வளவு கஷ்டப்படுத்தியிருப்பே? மன்னிப்பு கேளும்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

மைக் அவள் கைக்கு வந்தது.

மன்னிச்சிருங்கப்பா. ஒரே வார்த்தை. சொல்லிவிட்டால் நாலு வருஷம் கிடைக்கும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக.

நிமிர்ந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து அல்ல. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, 'வளர்ப்பு எப்படி?' என்பது போல. பின்னால் அம்மா, இங்கே என்ன நடக்கிறதென்று பிடிபடாமல், நல்ல காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மொதல்ல நீங்க அம்மாகிட்ட கேளுங்கப்பா."

ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது, அம்மாவின் நல்ல காதுக்கும்.

இன்பசேகர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "பாசக்காரப் பொண்ணு!" என்று சமாளித்தார். விஷயம் புரியாத நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஐயோ, சொல்லிவிட்டோமே. போச்சு. எல்லாம் போச்சு.

அப்பா ஈரக்காலோடு எழுந்தார்.

"படிச்சுக் கிழிச்சது போதும். ரெண்டு பேரும் கெளம்புங்கடி."

விறுவிறுவென்று நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் கிளம்பினால் அம்மாவும் பின்னாலேயே கிளம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அம்மா பையைக் கீழே வைத்தாள்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். உட்கார்ந்தாள்.

சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். மகளைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற புடிச்சிட்டு வாடி."

வாசலில் அப்பா நின்று திரும்பிப் பார்த்தார்.