இடது பக்கம்

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். கோடு போட்ட மாதிரி நேரா போகுது," என்றார் அலைன்மென்ட் மெக்கானிக். இதையேதான் போன வாரமும் சொன்னார், அதற்கு முந்தைய வாரமும் சொன்னார்.

கார்க்காரர் வாயே திறக்கவில்லை. மெக்கானிக் அவருடைய இடது தோள் பக்கம் நின்றிருந்தார். மனுஷன் கோபமாக இருக்கிறார் போல என்று நினைத்து, எதிரில் வந்து மறுபடியும் சொன்னார்.

"அப்புறம் ஏன் இடது பக்கமே இழுக்குது?"

கார்க்காரர் ரிட்டயர்டு ரயில் டிரைவர். சர்வீஸ் முழுக்க இன்ஜினைக் கட்டி மேய்த்தவர். ஒரு நாளும் தடம் புரண்டதில்லை என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது என்பது அவர் மனைவியின் கட்சி.

அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விவகாரம் இதுதான். மகளுக்குப் பிரசவ நேரம். நாளைக்குக் காரில் கிளம்ப வேண்டும். போன தடவை போனபோது வண்டி ஓரங்கட்டிக்கொண்டே போய், கடைசியில் மாப்பிள்ளை வீட்டு கேட்டையே முட்டி நின்றது. இனிமேல் மாமா ஓட்ட வேண்டாம், வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். இன்றைக்குச் சரியாகாவிட்டால் சாவி மாப்பிள்ளைக்கு, நமக்கு பஸ் என்று மனைவியும் தீர்ப்பு எழுதிவிட்டார். கார்க்காரருக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கார் அவருக்கு அவ்வளவு உசுரு.

மெக்கானிக் பாவம், செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். அலைன்மென்ட் மெஷின் திரையில் நாலு சக்கரமும் பச்சை காட்டின. டயரில் காற்று சரி. கடைக்குப் பின்னால் கிடங்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு ரோடு. அதில் அவர் மட்டும் ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தாலும் நேராகப் போனது. கார்க்காரர் தனியாக ஓட்டினார். அதுவும் நேர். திரும்பி வந்தவர் முகத்தில் வெளிச்சம்.

"ஏறு," என்றார் மனைவியிடம்.

மனைவி முன்சீட்டில் ஏறினார். வண்டி ரோட்டில் பாதி தூரம் போகவில்லை, இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசியது.

மெக்கானிக் குனிந்து இடது பக்க டயரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று மறுபடியும் டயரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க தம்பி? நான் என்ன அவ்வளவு கனமா?"

ஐயோ அப்படியெல்லாம் இல்லை என்று அவரையே உட்கார வைத்து மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டினார். வண்டி நேராகத்தான் போனது.

"தனித்தனியா போனா ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சேந்து போனாத்தான் இழுக்குது. அலைன்மென்ட் வண்டிக்கு இல்ல போல," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதோடு நிறுத்திக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். மூன்று பேருமாகப் புறப்பட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு மெல்லிய குரல், ஆனால் ஓயாத குரல். மகளுக்கு எடுத்துப் போக வேண்டிய துணிமணி, பூட்ட வேண்டிய ஜன்னல், பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. கார்க்காரர் கழுத்தைத் திருப்பி, உடம்பையும் அந்தப் பக்கம் சாய்த்து, ஒன்று விடாமல் 'ம்' கொட்டினார்.

"ரிட்டயர் ஆனப்புறம்தான் நான் சொல்றதக் காது குடுத்துக் கேக்கறாரு," என்று அந்த அம்மா மெக்கானிக்கிடம் பெருமையாகத் திரும்பிச் சொன்னார். பிறகு கணவரிடம், "எதுக்குங்க இந்த அவஸ்தை? பேசாம வண்டியை மாப்பிள்ளைகிட்டயே குடுத்துடலாமா?" என்றார்.

"ம், செஞ்சிடலாம்," என்றார் கார்க்காரர்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வண்டிக்காக இத்தனை வாரம் உயிரை வாங்கிய மனுஷன், இவ்வளவு சுலபமாகவா? கல்லில் டயர் உரசியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்த அம்மா கவனித்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. வண்டி நேராக ஓடியது.

"பாத்தியா, உன் பேச்சுதான் காரணம்," என்றார் கார்க்காரர் வெற்றியோடு.

"இன்னும் ஒரே ஒரு சுத்து போங்க," என்று மனைவி கையால் ரோட்டைக் காட்டினார்.

வண்டி வேகம் எடுத்ததும் அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. காற்றுச் சத்தத்தில் மெக்கானிக் காதில் எதுவும் விழவில்லை. கார்க்காரர் சாய்ந்தார், வண்டியும் சாய்ந்தது. "ம், ம், அதுக்கென்ன, செஞ்சிடலாம்," என்றார்.

அந்த அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டி இறங்கினார். மெக்கானிக்கை முன்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் கணவருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் வலது தோளில் கை வைத்து, "நாளைக்கு நீங்கதான் ஓட்டறீங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்," என்றார்.

"ம்," என்றார் கார்க்காரர், திரும்பாமல், சாயாமல். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. வழியெல்லாம் அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தும் வண்டி ரோட்டின் கடைசி வரைக்கும் நேராகப் போனது.

கடை வாசலில் இறங்கியதும் மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. "சார் உடனே செஞ்சிடலாம்னாரே, கடைசியா அப்படி என்னதான் கேட்டீங்க மேடம்?"

"ஒண்ணும் கேக்கல தம்பி, சும்மா வாயை மட்டும்தான் அசைச்சேன். காது குடுத்துக் கேக்கறாருன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேன், மனுஷன் இடது காதை எப்பவோ ரயிலுக்குக் குடுத்துட்டு வந்திருக்காரு."