மாவு பொங்கும் சூடு

மழைக்குளிரில் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பிசைந்த ஈஸ்ட் மாவு பொங்கவேயில்லை. கேக் வேண்டுமென்று கேட்டவர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்ட இக்னேசியஸ். அவர் மனைவி ரெஜினா மாவுச்சட்டியைத் துணியால் மூடி, காய்ச்சலில் ஒருக்களித்துக் கிடந்தவரின் வயிற்றோடு சேர்த்துவைத்தாள்.

“கடைசியில என்னை அடுப்பாக்கிட்டியே” என்றார்.

“அசையாமப் படுங்க. மாவு அமுங்கிடும்.”

“அசையல தாயே.” சட்டியைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

அவள் திராட்சையை அலசி, தட்டில் வெண்ணெய் தடவி, மற்ற வேலைகளையும் முடித்து இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது மாவு துணியைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு மேலே நின்றது.

“பொங்கிருச்சுங்க” என்றாள்.

குனிந்து அவர் கையை விலக்கினாள். கை சில்லென்றிருந்தது. சட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விலக்கிய கையை எடுத்து மறுபடியும் சட்டியின்மேல் வைத்தாள்.